நல்ல துரையின் கல்யாணம்

அன்புள்ள சார்,

முகமூடி போட்ட சித்திரக்கதை நாயகர் வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபேன்டம்) பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், அவரைப் படைத்த லீ பால்க்கின் பிற்காலக் கதைகளையும் சேர்த்தே பாராட்டியிருந்தீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கல்யாணம், இரட்டைக் குழந்தை, மாமியார் என்று வந்தபிறகு வேதாளர் வேதாளராக இல்லை. கடைசி இருபது வருடக் கதைகள் சவசவ என்று இருக்கின்றன. 1977லேயே மனுஷர் பேனாவை மூடியிருந்தால் பேராவது கெடாமல் இருந்திருக்கும்.

ஒரு பழைய வாசகன்,
வண்டிப்பெரியாறு

அன்புள்ள நண்பருக்கு,

சவசவ என்பது சரிதான். எண்பதுகளுக்குப் பிறகு வந்த பல கதைகளில் கடத்தல்காரன் வருவான், தாடையில் மண்டையோட்டு முத்திரை வாங்குவான், கதை முடிந்துவிடும். 1934இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கின் சித்திரக்கதை, 1936இல் வேதாளர் என்று தொடங்கிய பால்க் 1999 மார்ச்சில் இறக்கும்வரை இரண்டையும் விடவில்லை. வாரநாட்களுக்கு ஒரு கதை, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக ஒரு கதை. இதற்கு நடுவில் நாடகம் போடுவது வேறு. அத்தனை வருடம் எழுதினால் யாருக்கும் கை மரத்துப்போகும்.

ஆனால் பழியைக் கல்யாணத்தின் மேல் போடாதீர்கள். இப்போது இருப்பவர் இருபத்தோராம் வேதாளர். அப்பா சாகவேண்டும், மகன் முகமூடி போடவேண்டும், காட்டு ஜனங்கள் இவருக்குச் சாவே இல்லை என்று நம்பவேண்டும். இதுதானே கதையின் அஸ்திவாரம்? பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் இருபத்திரண்டாமவர் எங்கிருந்து வருவார்? வேதாளரின் காதலி டயானா முதல் கதையிலேயே, 1936லேயே, குத்துச்சண்டைக்காரனை அடித்துக்கொண்டுதான் அறிமுகமாகிறாள். அவளை நாற்பத்தொரு வருடம் காக்கவைத்தார் பால்க். 1977இல் கல்யாணம், 1979இல் கிட், ஹெலாய்ஸ் என்று இரட்டைக் குழந்தைகள். பழைய பாக்கியைத் தீர்த்தார், அவ்வளவுதான்.

இன்னொன்று. நாம் யாரும் பால்க்கை வரிசையாகப் படிக்கவில்லை. குமுளி பஸ் ஸ்டாண்டு கடையில் மலையாளச் சிறுவர் பத்திரிகை பாலரமாவுக்குப் பக்கத்தில் தொங்கிய ராணி காமிக்ஸ்தான் நம் வேதாளர். அங்கே அவருக்குப் பேர் முகமூடி வீரர் மாயாவி. ஒரு இதழில் குடும்பஸ்தர், அடுத்த இதழில் பிரம்மச்சாரி. அதற்கு முந்தைய இந்திரஜால் காமிக்ஸில் பக்கத்துக்குத் தக்கபடி கட்டங்களை வெட்டியிருப்பார்கள். இந்தக் கலவையை வைத்து 'அப்போது நல்லாயிருந்தது, அப்புறம் கெட்டுப்போச்சு' என்று கோடு போடுவது கஷ்டம். உங்கள் நினைவில் இருக்கும் நல்ல கதைகளில் பாதி, சை பாரி வரைய வந்த 1961க்குப் பிந்தையவையாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அதுவும் நடுவயது பால்க்தான்.

எனக்குப் பால்க்கிடம் உள்ள வழக்கு வேறு. அறுபதுகளில் ஆப்பிரிக்க நாடுகள் விடுதலையாகிக்கொண்டிருந்தபோது அவரும் வேதாளர் வாழும் கற்பனை நாட்டில் லுவாகா என்ற கறுப்பின டாக்டரைத் தேர்தலில் ஜெயிக்கவைத்து ஜனாதிபதியாக்கினார். அந்தக் காலத்துப் பத்திரிகைச் சித்திரக்கதையில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஜனாதிபதி வந்தபிறகும் காட்டு ரோந்துப் படைக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது? ஒரு இரும்புப் பெட்டிக்குள் முகம் தெரியாத கமாண்டர் எழுதிவைக்கும் சீட்டிலிருந்து. அந்தக் கமாண்டர் வேதாளர்தான். மண்டையோட்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதே வெள்ளைக்காரர்தான்.

வண்டிப்பெரியாற்றுக்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தொழிலாளியை அடிக்கக் கை நீட்டாத, பிரசவத்துக்கு ஜீப் அனுப்பிய நல்ல தோட்டத் துரையைப் பற்றி எல்லா லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) ஒரு கதை இருக்கும். துரை நல்லவர்தான். பங்களா மட்டும் துரையின் பங்களா. பால்க் தன் துரைக்குக் குடும்பம் கொடுத்தார், கீழே ஒரு ஜனாதிபதியைக் கொடுத்தார், நாற்காலியில் கை வைக்கவில்லை. பிற்காலக் கதைகள் சப்பென்று இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வேன். உலகம் மாறிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மாற்றத்தை வேதாளர் வாழும் குகையின் வாசலோடு நிறுத்திவிட்டார். சண்டை மூளவேண்டிய இடத்தில் மறுபடி ஒரு கடத்தல்காரன்.

அவரால் முடியாதது என்றும் சொல்லமுடியாது. மாண்ட்ரேக்கின் லோதாரைப் பாருங்கள். ஆரம்பத்தில் சிறுத்தைத்தோலும் துருக்கித் தொப்பியுமாக, கொச்சையான பேச்சோடு எஜமானன் பின்னால் நடந்த ஆள். 1965இல் பிரெட் பிரெடரிக்ஸ் வரைய வந்ததும் உடை மாறியது, பேச்சு மாறியது, மாண்ட்ரேக்கின் நண்பன் என்று சொல்லும்படி ஆனான். லோதாருக்குச் செய்ததை வேதாளரின் பழங்குடி நண்பன் குர்ரானுக்கு ஏன் செய்யவில்லை? கடைசிவரை அவன் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நிற்பவன்தான்.

ஆகவே 1977இல் நிறுத்தியிருக்கவேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நிறுத்தியிருந்தால் ஹெலாய்ஸ் கிடைத்திருக்கமாட்டாள். வாரிசு மகன்தானா, மகளுக்கு ஏன் கூடாது என்ற கேள்வியைத் தொட்டிலில் போட்டது பால்க். வளர்த்தது, அவருக்குப் பின் எழுதவந்த டோனி டிபால். முடிந்தால் டிபாலின் கதைகளையும் தேடிப் படியுங்கள். கதை பின்னுவதில் அவர் கிழவரைவிடக் கெட்டிக்காரர். இதற்கு எத்தனை திட்டுக் கடிதம் வந்தாலும் சரி.