நாய்க்குட்டிக்கு அடையாள மைக்ரோசிப்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, எங்கள் குட்டிக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. சிப் போடும் ஊசி பெரிதாமே, தாங்குமா?

பதில்: தாங்கும். தடுப்பூசி போடும் ஊசியைவிடத் தடிமன்தான், மறைக்க மாட்டேன், சிப் என்பது 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கண்ணாடிக் குழாய், அது ஊசி வழியாகப் போக வேண்டுமே. தோள்பட்டைகளுக்கு நடுவில் தளர்வாக இருக்கும் தோலைத் தூக்கிப் பிடித்து ஒரே அழுத்து, முடிந்தது. மயக்க மருந்து வேண்டாம். என் நாய்க்குப் போட்டபோது அதன் கவனமெல்லாம் பிஸ்கட்டில்தான் இருந்தது! குட்டி ரொம்பச் சின்ன இனம், மனசு கேட்கவில்லை என்றால் கருத்தடை செய்யும்போது சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: நாய் ஓடிப்போனால் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாமா?

பதில்: முடியாது. சிப்பில் பேட்டரியே கிடையாது. ஸ்கேனரைச் சில சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோனால், அது அனுப்பும் ரேடியோ அலையில் சிப் விழித்து ஒரு எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் ஜிபிஎஸ் பட்டை தனியாக வாங்குங்கள்.

கேள்வி: அப்போது என் பெயர், விலாசம் எல்லாம்?

பதில்: அதில் இருக்காது. இருப்பது 15 இலக்க எண் மட்டும். அந்த எண்ணோடு உங்கள் பெயரையும் போன் நம்பரையும் ஒரு பதிவேட்டில் ஏற்றினால்தான் சிப்புக்கு அர்த்தம், பலர் சிப் போட்ட கையோடு வீட்டுக்குப் போய் இதை மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை தெருவில் சுற்றிய ஒரு நாயைக் கூட்டிவந்து ஸ்கேன் செய்தோம், எண் வந்தது, பதிவும் இருந்தது, ஆனால் அதிலிருந்த போன் நம்பர் எப்போதோ செத்துப்போன நம்பர். அன்று எனக்கு வந்த கோபம்! நம்பர் மாற்றினாலும், வீடு மாறினாலும், நாயை வேறு யாருக்குக் கொடுத்தாலும் பதிவையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சிப் உடம்புக்குள் நகருமா? புற்றுநோய் வரும் என்றும் படித்தேன்.

பதில்: கொஞ்சம் நகரலாம், சில நாய்களுக்குத் தோளுக்கும் முன்னங்காலுக்கும் இறங்கிவிடும், அதனால்தான் ஸ்கேன் செய்பவர் முதுகோடு நிறுத்தாமல் பக்கவாட்டிலும் தேட வேண்டும். வருடாந்திரத் தடுப்பூசிக்குப் போகும்போது ஒரு தடவை ஸ்கேன் செய்யச் சொல்லிப் பாருங்கள். புற்றுநோய்ப் பேச்சு பெரும்பாலும் ஆய்வகத்து எலிகளிடமிருந்து வந்தது. நாய்களில் மிக மிக அபூர்வம், நான் அதற்காகத் தயங்க மாட்டேன்.

கேள்வி: நாயோடு ஐரோப்பா போகிறோம். ரேபிஸ் ஊசி ஏற்கெனவே போட்டாச்சு, சிப் இனிமேல்தான்.

பதில்: அடடா, வரிசை மாறிப்போச்சு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சிப் முதலில், அல்லது இரண்டும் ஒரே நாளில். சிப்புக்கு முன்னால் போட்ட ரேபிஸ் ஊசி கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். சிப்பும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில், 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்வதாக இருக்கட்டும். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் சிப் சில ஸ்கேனர்களுக்குப் படிக்கத் தெரியாது.

கேள்வி: கழுத்தில் பெயர்த்தகடு இருக்கிறதே, போதாதா?

பதில்: அதையும் கழற்றாதீர்கள். தகட்டைப் படிக்க ஸ்கேனர் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். பட்டை அறுந்து விழுந்தால்தான் சிப்பின் முறை. அப்புறம், சிப்போடு வரும் எண் ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாமல் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள், ஒன்றைப் போட்டோ எடுத்துப் போனிலும்.