52,500 டாலர் என்று போட்டிருக்கிறதே, அதில் எவ்வளவு உங்களுக்கு?

வணக்கம் அம்மா.

அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து உங்கள் மகளுக்கு வந்த இரண்டு நிதியுதவிக் கடிதங்களையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். "தனியார் கல்லூரி 52,500 டாலர் தருகிறது, ஸ்டேட் யூனிவர்சிட்டி வெறும் 6,000தான் தருகிறது, மனசு அங்கேதான் போகிறது" என்று போனில் சொன்னீர்கள். மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற பதற்றமும் உங்கள் குரலில் தெரிந்தது. அந்த முதல் கடிதத்தை நாம் சேர்ந்து இன்னொரு முறை படித்துவிடலாம்.

மொத்த உதவி 52,500 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதற்கு மேலே சின்ன எழுத்தில் நான்கு வரிகள். முதல் வரி மெரிட் ஸ்காலர்ஷிப், அதாவது மதிப்பெண்ணுக்காகத் தரும் உதவித்தொகை, 30,000. இது திருப்பித் தர வேண்டாத பணம். இரண்டாவது, மாணவர் பெயரில் ஃபெடரல் லோன், அதாவது மத்திய அரசுக் கடன், 5,500. மூன்றாவது, ஒர்க் ஸ்டடி, அதாவது படித்துக்கொண்டே பார்க்கும் பகுதிநேர வேலை, 3,000. நான்காவது, பேரன்ட் பிளஸ் லோன், அதாவது பெற்றோருக்கான மத்திய அரசுக் கடன், 14,000. ஆக, உதவி என்று அவர்கள் கூட்டிக் காட்டியதில் 19,500 டாலர் கடன். அதிலும் 14,000 உங்கள் பெயரில் வாங்கப்போகும் கடன். ஒர்க் ஸ்டடி பணம் கல்லூரி பில்லில் கழியாது. உங்கள் மகள் நூலகத்திலோ ஆய்வகத்திலோ மணிக்கணக்கில் வேலை பார்த்த பிறகு சம்பளமாகக் கைக்கு வரும். அதுவும் வேலை கிடைத்தால்தான்.

உண்மையான கணக்கு இதுதான். அங்கே ஓராண்டு மொத்தச் செலவு 84,000. திருப்பித் தர வேண்டாத பணம் 30,000. மீதி 54,000. ஸ்டேட் யூனிவர்சிட்டியில் செலவு 33,000, ஸ்காலர்ஷிப் 6,000, மீதி 27,000. வருஷத்துக்கு 27,000 டாலர் வித்தியாசம், நான்கு வருஷத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். "வெறும்" 6,000 கொடுத்த இடம்தான் உங்களுக்குப் பாதிச் செலவில் முடிகிறது.

நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022இல் இந்தக் கடிதங்களை ஆராய்ந்தபோது, சுமார் 91 சதவீதக் கல்லூரிகள் மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லாமலோ குறைத்துக் காட்டியோதான் அனுப்புகின்றன என்று கண்டது. படித்தவர், படிக்காதவர் எல்லோரையும் இந்தக் கடிதம் குழப்பும்.

பேரன்ட் பிளஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை வழங்கப்படும் கடனுக்கு வட்டி 8.94 சதவீதம். அதோடு வழங்கும்போதே நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வட்டி விகிதம் மாறும். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு உச்சவரம்பும் வருகிறது: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. 54,000 டாலர் பள்ளத்தைப் பிளஸ் கடனால் நிரப்பவே முடியாது. மீதிக்குத் தனியார் வங்கிக் கடன் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

அடுத்தது, இந்த 30,000 நான்கு வருஷமும் வருமா? கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஜிபிஏ (மதிப்பெண்களின் சராசரிப் புள்ளி) 3.25க்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. பள்ளியில் எல்லாவற்றிலும் ஏ வாங்கிய பிள்ளைக்கு இது ஒரு விஷயமே இல்லை என்று தோன்றும். என்னிடம் வந்த ஒரு பையனும் அப்படித்தான் நினைத்தான். இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் இயற்பியலில் ஒரு சி, கால்குலஸில் ஒரு பி மைனஸ். ஆண்டு முடிவில் 3.18. ஸ்காலர்ஷிப் போய்விட்டது. அடுத்த செமஸ்டரில் 3.6 எடுத்தும் திரும்ப வரவில்லை, ஏனென்றால் அந்தக் கல்லூரியின் விதியில் இரண்டாம் வாய்ப்பு இல்லை. அவன் அம்மாவும் அப்பாவும் என் முன்னால் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் கேளுங்கள்: மதிப்பெண் குறைந்தால் ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா, மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றினால் தொகை தொடருமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காலர்ஷிப் தொகை அப்படியே நிற்கும், செலவு மட்டும் ஏறும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினாலே 84,000 நான்காம் வருஷத்தில் சுமார் 94,500 ஆகிவிடும்.

நீங்கள் கேட்ட தமிழ்ச் சங்க ஸ்காலர்ஷிப்புக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளியிலிருந்து 2,000 வந்தால் தன் உதவியில் 2,000 குறைத்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுக் கல்லூரிகளுக்கு இதைக் கட்டுப்படுத்திச் சட்டமே போட்டது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. குறைப்பதானால் முதலில் கடனைக் குறைப்பீர்களா, ஸ்காலர்ஷிப்பைக் குறைப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பில்லில் மாணவர் மருத்துவக் காப்பீடு தானாகவே சேர்ந்திருக்கும். உங்கள் குடும்பக் காப்பீட்டில் மகள் இருப்பதால், விலக்கு கேட்டு படிவம் கொடுத்தால் அந்தத் தொகை கழியும். கெடு தேதியைத் தவறவிடாதீர்கள்.

சரி, இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். "கூடுதலாகக் கேட்டால் அட்மிஷனையே ரத்து செய்துவிடுவார்களோ?" என்று தயங்கினீர்கள். செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் நிதியுதவி அலுவலகங்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். உங்களிடம் வலுவான காரணமும் இருக்கிறது. 2026–27 ஆண்டுக்கான ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம், 2024 வருமானத்தைத்தான் பார்க்கிறது. உங்கள் கணவருக்கு வேலை போனது 2025 நவம்பரில். அதாவது, இன்று வீட்டில் இல்லாத ஒரு சம்பளத்தை வைத்து உங்களை மதிப்பிட்டிருக்கிறார்கள். இப்படி நிலைமை மாறினால் கணக்கைத் திருத்தும் அதிகாரத்தை உயர்கல்விச் சட்டமே கல்லூரியின் நிதியுதவி அதிகாரிக்குக் கொடுத்திருக்கிறது. திருத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஆதாரத்தோடு கேட்பவர்களைப் பொறுமையாகப் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஊரில் மாமனார், மாமியாருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தை ஃபெடரல் கணக்கு பார்க்காது. ஆனாலும் வங்கி ரசீதுகளோடு எழுதுங்கள், சில தனியார் கல்லூரிகள் தங்கள் சொந்த நிதியைப் பங்கிடும்போது இதைக் கருத்தில் எடுப்பதுண்டு. சின்னவன் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போவதையும் சேருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் படித்தால் கிடைத்துவந்த சலுகையை ஃபெடரல் கணக்கிலிருந்து 2024–25 முதல் எடுத்துவிட்டார்கள், ஆனால் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற தனி நிதியுதவி விண்ணப்பத்தைக் கேட்கும் கல்லூரிகள் பல இன்னும் பார்க்கின்றன.

கடிதத்தில் பேரம் வேண்டாம். "அந்த யூனிவர்சிட்டி இவ்வளவு குறைவு, நீங்களும் குறையுங்கள்" என்று எழுதினால் எடுபடாது. இங்கேதான் படிக்க ஆசை, ஆனால் 54,000 எங்களால் முடியாது, நிலைமை இப்படி மாறியிருக்கிறது, எங்களால் முடிந்தது இவ்வளவு என்று எண்ணோடு எழுதினால் போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

உங்கள் மகளே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதல் வரைவையும், கணவரின் வேலைநீக்கக் கடிதம், வேலையின்மைப் படி ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களையும் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். திங்கள் காலையில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால், மே 1க்கு முன் பதில் வர நேரம் இருக்கும். பதில் எதுவாக வந்தாலும் ஸ்டேட் யூனிவர்சிட்டியின் இடம் மே 1 வரை அவளுக்காக அப்படியே இருக்கும், அதை மட்டும் அவளிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.