கடனுக்கு முன் காணிக் கடதாசி: திருகோணமலையில் வீடு வாங்குவோருக்குக் கேள்வி பதில்

வங்கியின் கடன் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். திருகோணமலையில் வீடு, காணி வாங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். கேள்விகளில் பெரும்பகுதி வட்டியைப் பற்றியது. ஆனால் எங்கள் ஊரில் கடன் விண்ணப்பம் பாதியில் நிற்பது அநேகமாகக் காணியின் கடதாசியால்தான். அதனால் வட்டியை முதலில் முடித்துவிட்டுக் கடதாசிக்கு வருகிறேன்.

கேள்வி (செல்வநாயகபுரம், ஆசிரியை): ஐயா, நானும் அவரும் அரச வேலை. 50 இலட்சம், 20 வருடம் என்று பேசியிருக்கிறோம். ஒரு வங்கி முதல் 3 வருடத்துக்கு மட்டும் நிலையான வட்டி, அப்புறம் மாறும் என்கிறது. இன்னொன்று ஒரு வீதம் கூடக் கேட்கிறது, ஆனால் 5 வருடம் மாறாதாம். எதை எடுக்க?

பதில்: 5 வருடம் மாறாததை எடுங்கள் பிள்ளை.

மாறும் வட்டி என்று வங்கி சொல்வது பெரும்பாலும் ஏ.டபிள்யூ.பி.ஆர். என்ற வீதத்தோடு கட்டப்பட்டது. வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டி அது. மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும். அதன்மேல் வங்கி தன் பங்கைப் போடும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் கொள்கை வட்டியை (வங்கிகளுக்கு அது வைக்கும் அடிப்படை வட்டி) 7 வீதப் புள்ளிகளால் ஏற்றியது. அந்த வருடக் கடைசியில் ஏ.டபிள்யூ.பி.ஆர். 27 வீதத்துக்கு மேல் நின்றது. 2024 நவம்பரில் கொள்கை வட்டி 8 வீதத்துக்கு இறங்கிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கடன் 20 வருடம். அதற்குள் இன்னொரு 2022 வராது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். 50 இலட்சம், 20 வருடம், 12 வீதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 55,050 ரூபா. அதே கடன் 24 வீதமானால் 1,00,870 ரூபா. உங்கள் இருவரின் சம்பளமும் அந்த வேகத்தில் ஏறாது. 18 வீதத்தில் வரும் 77,170 ரூபாவை ஒரு வருடமாவது கட்டிச் சமாளிக்கலாமா என்று இரண்டு பேரும் இருந்து கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் கடன் தொகையைக் குறையுங்கள்.

இன்னொன்றும் கேட்காமலே சொல்கிறேன். 12 வீதத்தில் முதல் மாதத் தவணையில் 50,000 ரூபா வட்டிக்கே போகும். கடனின் முதல் தொகையில் கழிவது 5,000 சொச்சம். அதே கடனை 15 வருடத்துக்கு எடுத்தால் தவணை 60,000 ரூபா அளவில்தான் வரும். மாதம் 5,000 ரூபா கூட. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 132 இலட்சத்திலிருந்து 108 இலட்சமாகக் குறையும். வங்கி அதிகாரி 20 வருடத்தை ஆசையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நானே அந்தக் கதிரையில் இருந்தவன்.

கையெழுத்துக்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: 5 வருடத்துக்குப் பிறகு ஏ.டபிள்யூ.பி.ஆருக்கு மேல் எத்தனை வீதம், வட்டிக்கு உச்சவரம்பு உண்டா, இடையில் பெருந்தொகை கட்டினால் தண்டப்பணம் எவ்வளவு.

கேள்வி (சீனக்குடா): அண்ணா, நண்பனின் லீசிங்குக்குப் பிணை நின்றேன். அவன் இரண்டு மூன்று தவணை விட்டுவிட்டான். எனக்கு வீட்டுக்கடன் கிடைக்குமா?

பதில்: கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் உங்கள் பெயருக்குக் கீழும் அது விழுந்திருக்கும். வங்கிக்குப் போக முன் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள், தனிநபருக்கும் தருவார்கள். நண்பனை நிலுவையைக் கட்டவைத்து, லீசிங் கம்பனியின் கடிதத்தோடு விண்ணப்பம் போடுங்கள். ஒளிக்க வேண்டாம், ஒளிக்கவும் முடியாது.

கேள்வி (கிண்ணியா, தனியார் துறை): ஊழியர் சேமலாப நிதியை வீட்டுக்கு எடுக்கலாமா?

பதில்: இரண்டு வழி. 10 வருடம் பங்களித்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருந்தால் 30 வீதம் வரை வீட்டுத் தேவைக்கு மீளப்பெறலாம். அல்லது மீதியின் 75 வீதம் வரை பிணையாக வைத்து, அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் கடன் எடுக்கலாம். இரண்டாவதில் கவனம்: தவணை விட்டால் வங்கி போய் நிற்பது உங்கள் முதுமைக் காசில். முற்பணத்துக்குக் கொஞ்சம் குறைகிறது என்றால் முதல் வழி போதும்.

கேள்வி (பாலையூற்று): தம்பி ஒருவர் 20 பேர்ச் காணி காட்டினார். பக்கத்துக் காணிகளின் விலையில் பாதிதான். பெர்மிட் காணியாம். "சத்தியக்கடதாசியும் அற்றோணித் தத்துவமும் எழுதித் தருகிறேன், எல்லாரும் இப்படித்தான் வாங்கினவை" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். எங்கள் மாவட்டத்தில் அதிகம் பேர் காசைத் தொலைப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெர்மிட் என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு ஒருவருக்குக் குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுக்கும் அனுமதி. காணி இன்னும் அரசுடையது. தன்னிடம் இல்லாததை அவர் உங்களுக்கு எப்படி விற்பார்? பெர்மிட்டுக்கு அடுத்த படி அளிப்புப் பத்திரம். ஜயபூமி, சுவர்ணபூமி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, மாற்றினால் செல்லாது.

அந்த அற்றோணித் தத்துவத்துக்கு வருவோம், அது அவர் சார்பில் செயற்பட உங்களுக்குத் தரும் அதிகாரம் மட்டும். கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் ரத்துச் செய்யலாம். அவர் கண்ணை மூடினால் அதுவும் அன்றோடு முடிந்தது. பெர்மிட்டில் பின்னுரித்தாளராக அவருடைய மகனின் பெயர் பதிந்திருக்கும். நீங்கள் கட்டிய வீட்டு வாசலில் ஒருநாள் அந்த மகன் வந்து நிற்பான், சட்டம் அவன் பக்கம் இருக்கும். இருபது வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை வந்துவிடும் என்று சொல்வார்கள். 10 வருட ஆட்சியுரிமை தனியார் காணிக்கு, அதுவும் நீதிமன்றத்தில் நிரூபித்தால். அரச காணிக்கு எத்தனை வருடம் இருந்தாலும் அது ஓடாது.

விலை பாதியாக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். இந்தக் காணியை எந்த வங்கியும் உங்களிடம் ஈடாக எடுக்காது. ஒரு காணியை வங்கி வேண்டாமென்றால் கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் நல்ல சட்ட ஆலோசனை அது.

கேள்வி (உவர்மலை): வீடு பிடித்திருக்கிறது, விலையும் சரி. உறுதி மகள் பெயரில் இருக்கிறது, அவ விற்கச் சம்மதம். தாய் அதே வீட்டில் இருக்கிறா. வங்கி வழக்கறிஞர் "சீவிய உருத்து" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்படியென்றால்?

பதில்: அந்த உறுதியைக் கையில் எடுத்து நடுப்பகுதியை வாசியுங்கள். எல்லை விபரம் வரும்: வடக்கே வீதி, கிழக்கே இன்னாரின் காணி என்று. அதற்கு அண்மையில் எங்கோ, "நன்கொடை வழங்குபவர் தமது சீவிய காலம் முழுவதும் அனுபவிக்கும் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொண்டு" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். தாய் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும்போது தன் பாதுகாப்புக்குப் போட்ட வரி. நல்ல வரிதான், எத்தனையோ தாய்மாரை அது தெருவுக்கு வராமல் காத்திருக்கிறது. ஆனால் வாங்குபவருக்கு அது என்ன செய்யும் என்றால், மகள் மட்டும் எழுதித் தந்தால் வீடு உங்களுடையது, அதில் இருக்கும் உரிமை தாயுடையது.

தாயும் வந்து தன் உருத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தால் பிரச்சினை தீரும். வைப்பதற்கு முன் அவ எங்கே போய் இருப்பா என்று நீங்களே ஒருதரம் கேளுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று: விற்பவர் யாழ்ப்பாணத் தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். காணி திருகோணமலையில் இருந்தாலும் அந்தச் சட்டம் ஆளோடு வரும். பிரிந்திருக்கிறார்கள் என்று சொன்னால் நொத்தாரிசிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி (அன்புவழிபுரம்): அண்ணன் கனடாவில், அந்த நாட்டுக் குடியுரிமை. அவர் பெயரில் இங்கே வீடு வாங்கலாமா?

பதில்: இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டார் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி காணியை அவருக்குக் கைமாற்ற முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். பெற்றோரிடமிருந்து வாரிசாக வருவது வேறு கதை, அதற்குத் தடையில்லை. "உன் பெயரில் எழுது, காசு நான் அனுப்புகிறேன்" என்று அண்ணன் சொன்னால் உறுதிப்படி அது உங்கள் வீடு. அண்ணியும் பிள்ளைகளும் பின்னால் அப்படி நினைப்பார்களா என்பதைக் குடும்பத்துக்குள் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு வாங்குவதே எனக்குப் பிடித்த வழி.

கேள்வி (நகரம்): நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட 15 பேர்ச். வீடும் கட்டி, இரண்டு அறையை உல்லாசப் பயணிகளுக்கும் விடலாம் என்று யோசனை.

பதில்: கடல் உயர்மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், பிரதேச சபையின் கட்டட அனுமதி அதற்கு மேல். காணி வாங்கிய பிறகு கேட்கிற விடயம் இல்லை இது.

அப்புறம் தண்ணீர். காணி பார்க்க எல்லாரும் பின்னேரம் காற்று வாங்கப் போகிற நேரத்தில் போவார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் போய்ப் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்; உவர் அப்போதுதான் தெரியும். மாரி மழையில், டிசம்பரில் ஒருதரம் போய் வெள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். 2004 சுனாமி எதுவரை வந்தது என்பதை அந்த ஊர்ச் சனத்திடம் கேட்டால் கையால் காட்டுவார்கள்.

கேள்வி (மட்டிக்களி): வங்கிக் கடன் வரத் தாமதம். தெரிந்த ஒருவர் 30 இலட்சம் தருகிறார். அப்பாவின் வளவை அவர் பெயருக்கு எழுதவேண்டுமாம், ஒரு வருடத்துக்குள் கட்டினால் திருப்பி எழுதித் தருவாராம்.

பதில்: அது ஈட்டு உறுதியே இல்லை, நிபந்தனையோடு எழுதும் விற்பனை உறுதி. ஈடு என்றால் நீங்கள் காசு கட்டாதபோது அவர் வழக்குப் போட்டு, தீர்ப்பு எடுத்து, ஏலத்துக்கு விட வேண்டும். இதில் சொன்ன திகதி தாண்டினால் வளவு போனது, வளவின் பெறுமதி ஒரு கோடி என்றாலும். அப்பாவைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள். அந்த மனிதர் நல்லவராகவே இருக்கட்டும், ஈட்டு உறுதியாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

கேள்வி (அலஸ்தோட்டம்): விலை 1 கோடியே 20 இலட்சம். இதற்கு மேல் எவ்வளவு காசு கையில் இருக்க வேண்டும்?

பதில்: முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். உங்கள் விலைக்கு 4,79,000 ரூபா, வாங்குபவர் கட்டுவது. உறுதியில் விலையைக் குறைத்து எழுதித் தப்பலாம் என்று தரகர் சொல்வார். தீர்வை சந்தைப் பெறுமதிக்குத்தான், மாகாணத் திணைக்களம் மதிப்பிட்டு மீதியைக் கேட்கும். வங்கியும் உறுதியில் உள்ள விலையைப் பார்த்தே கடன் தரும். நொத்தாரிசு கட்டணம், ஈட்டு உறுதிச் செலவு, மதிப்பீட்டாளர், நில அளவையாளர், காப்புறுதி எல்லாம் சேர்த்து இன்னும் சில இலட்சம் ஒதுக்குங்கள். வாங்க முன் சோலை வரி நிலுவையையும் பாருங்கள்.

கேள்வி (லிங்கநகர்): 5 இலட்சம் முற்பணம் கொடுத்து வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினேன். இப்போது விற்பவர் கூட விலைக்கு வேறு ஆள் பார்க்கிறாராம்.

பதில்: காசைத் திருப்பிக் கேட்க அந்தத் தாள் உதவும், காணியைக் கேட்க உதவாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): உறுதி போன கிழமை முடிந்தது. பதிவுக்கு இரண்டு மாதம் ஆகும், அவசரமில்லை என்கிறார் நொத்தாரிசு.

பதில்: உங்களுக்கு அவசரம்தான். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தில் முந்திப் பதிந்த உறுதிக்கே முதலிடம். விற்றவர் அதே காணியை நாளைக்கு இன்னொருவருக்கு எழுதி, அவர் விலை கொடுத்து, மோசடி இல்லாமல் முந்திப் பதிந்தால் உங்கள் உறுதி பின்னால் நிற்கும். பதிவேட்டில் ஏறி உறுதி திரும்பி வரக் காலம் எடுக்கலாம். ஆனால் காணிப் பதிவகத்தில் கொடுத்த அன்றே நாட்புத்தகத்தில் ஓர் இலக்கம் விழும். நொத்தாரிசிடம் அந்த இலக்கத்தையும் திகதியையும் நாளைக்கே கேளுங்கள்.