10 கிராம் போதுமா?

கேள்வி: காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்க்க லேபில் வெறும் 10 கிராம்தான் எடுக்கிறார்களாமே, அது எப்படிப் போதும்?

பதில்: தாராளமாகப் போதும், ஆனால் அதற்கு முன்னால் மொத்த மாதிரியையும், முடிந்தால் உறைய வைத்து, நைசாக அரைத்திருக்க வேண்டும், அப்போதுதான் அந்த 10 கிராம் மொத்த மாதிரிக்கும் பிரதிநிதியாக இருக்கும். பலரும் சொதப்புவது இங்கேதான், எச்சத்தை அளக்கும் கருவியில் இல்லை. 2003இல் வெளியான 'கெச்சர்ஸ்' (QuEChERS) என்ற எச்சம் பிரித்தெடுக்கும் முறையில் அந்தக் கூழில் 10 கிராம் எடுத்து, 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, 4 கிராம் மெக்னீசியம் சல்பேட்டும் 1 கிராம் உப்பும் சேர்த்தால் தண்ணீர் கீழே பிரிந்துவிடும், மருந்து பெரும்பாலும் மேலே நிற்கும் அந்தக் கரைப்பானுக்குள் போய்விடும். சல்பேட் போட்டதும் உடனே குலுக்குங்கள், இல்லையென்றால் கட்டிபிடிக்கும், சூடும் ஏறும். அப்புறம் மையச்சுழற்சி (வேகமாகச் சுழற்றிப் பிரிப்பது), கொஞ்சம் சுத்திகரிப்புப் பொடி, அவ்வளவுதான். தானியம் மாதிரி உலர்ந்த பொருள் என்றால் முதலிலேயே தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். பச்சை நிறத்தைப் போக்கக் கரிப்பொடியை அள்ளிப் போடாதீர்கள், தையபெண்டசோல் போன்ற சில மருந்துகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.