முந்நூறு ஃபங்ஷன்கள், ஒரே கோப்பு: பிரித்தால் வேகம் கூடுமா?

வணக்கம். மொரீஷியஸின் போர்ட் லூயியில் உங்கள் கோயிலுக்காக நடத்தும் காவடிப் பதிவுத் தளத்தில் பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் எழுதிய முந்நூறு ஃபங்ஷன்கள் (ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) ஒரே கோப்பில் இருப்பதாகவும், ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக்கினால் தைப்பூச நெரிசலில் தளம் விரைவாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விரைவாகாது என்பதே என் கருத்து.

பிஎச்பி 5.5 பதிப்பு முதல் உடன்வரும் ஆப்கேஷ் என்ற வசதி, ஒருமுறை தொகுத்த நிரலை நினைவகத்தில் வைத்துக்கொள்வதால், பெரிய கோப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பகுக்கும் செலவு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. முந்நூறு கோப்புகளையும் தனித்தனியே இணைத்தாலோ, ஒவ்வொன்றின் பாதையையும் சரிபார்க்கும் வேலைதான் கூடும். ஆகவே சர்வரில் ஆப்கேஷ் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, தரவுத்தள வினவல்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பராமரிப்புக்காகப் பிரிப்பது வேறு விஷயம், அதைச் செய்யத்தான் வேண்டும். பதிவு, காணிக்கை, மின்னஞ்சல் என்று பொருள்வாரியாக, சேர்ந்து மாறுபவை சேர்ந்திருக்கும்படி பிரியுங்கள். ‘பொது’ என்று மட்டும் ஒரு கோப்புக்குப் பெயரிடாதீர்கள். எல்லாக் குப்பையும் அங்கே வந்து சேரும். தேவைப்படும் கோப்பைத் தானே ஏற்றும் பிஎச்பியின் ஆட்டோலோட் வசதி கிளாஸ்களுக்கே (தொடர்புள்ள ஃபங்ஷன்களை ஒன்றாகத் தொகுக்கும் அமைப்பு) உண்டு, தனி ஃபங்ஷன்களுக்கு இல்லை. தேவைப்படும்போது மட்டும் ஏற்ற விரும்பினால், அவற்றை ஸ்டாட்டிக் மெத்தட்களாக, அதாவது கிளாஸின் பெயரைச் சொல்லி நேரடியாக அழைக்கக்கூடிய ஃபங்ஷன்களாக, கிளாஸ்களுக்குள் வையுங்கள்.

பழைய கோப்பை உடனே நீக்க வேண்டாம். புதிய கோப்புகளை இணைக்கும் வரிகளை மட்டும் அதில் விட்டுவைத்தால், அதை நம்பியிருக்கும் பக்கங்கள் எதுவும் உடையாமல், அடிக்கடி திருத்தும் பகுதியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றலாம்.