போதைக்கு அடிமையானவர்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்பது போதைப்பொருளுக்கு ஆதரவு கொடுப்பதாகாதா?

ஆகாது. கேட்டவரும் யாழ்ப்பாணமாகத்தான் இருக்கும், உங்கள் ஒழுங்கையிலும் ஒரு பொடியன் பிடிபட்டிருப்பான். 'உன் வீட்டில் நடந்தால் தெரியும்' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: என் வீட்டில் நடந்ததால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சியின் மகன். தலையணை உறைக்குள் வெள்ளித்தாள் கிடந்தது, நடுவில் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. அதை அடுப்படி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "அண்ணா, இது சொக்லேட் தாள்தானே?" என்று கேட்டாள். தூள், அதாவது ஹெரோயின் இழுத்த தாள். வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவோம் என்றேன். பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்கள், ஊர் கதைக்கும், இளையவளுக்குக் கலியாணம் சரிவராது என்று மறுத்துவிட்டாள். அந்தப் பயத்திலேயே மாதங்கள் போயின. பிறகு சந்தியில் சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டான். விளக்கமறியல். சவர்க்காரமும் பிஸ்கட்டும் கொண்டு சிறை வாசலில் நிற்கும் அம்மாமாரில் இவளும் ஒருத்தியானாள். உள்ளே போகும்போது அவனுக்குத் தூள் விற்கிற ஒருவனைத்தான் தெரியும். வெளியே வந்தபோது ஐஸ் (மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) விற்கிறவனின் இலக்கமும் கையில் இருந்தது.

சட்டம் மென்மையாக இருப்பதால்தான் இப்படி என்று சொல்லாதீர்கள். இலங்கைப் போதைப்பொருள் சட்டத்தின் 1984 திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள். 2022இல் ஐஸையும் சேர்த்தார்கள், 5 கிராமுக்கு. (1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, அது வேறு கதை.) 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் பொலிஸார் தேடுதல் நடத்தி நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்களை அள்ளினார்கள். எங்கள் ஒழுங்கைக்குத் தூள் வருவது நிற்கவில்லை. தூள் அளவு மீறி மூச்சு அடங்குகிறவனுக்கு அதை முறிக்கிற நலொக்சோன் ஊசி நேரத்துக்குப் போட்டால் பிழைக்க வைக்கலாம், ஆனால் பொலிஸ் பயத்தில் கூட்டாளிகளே விட்டுவிட்டு ஓடினால் யார் ஆளைத் தூக்கிக்கொண்டு போவது? போர்த்துகலில் 2001இலிருந்து, 10 நாள் பாவனைக்கு மேற்படாத அளவு வைத்திருந்தால் அது குற்ற வழக்கில்லை, ஒரு குழுவின் முன் போய்க் கதைக்க வேண்டும். விற்கிறவனுக்கு அங்கேயும் சிறைதான். நானும் விற்கிறவனை விடச் சொல்லவில்லை, வடிவாக வாசியுங்கள்.

வாசிகசாலைக் கூட்டத்தில் நான் கேட்டது, போதையில் சிக்கினவர்கள் வந்து கதைக்க ஒரு அறை. கிழமைக்கு ஒரு பின்னேரம், உளவளத் துணையாளர் ஒருவர், பெயர் விலாசம் கேட்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து சூமில் வந்த ஒருவர் "அடிச்சுக் கைகாலை முறியுங்கோ" என்றார். கடைசியில் அவருடைய காசில் சந்தியில் கமரா பூட்டினார்கள். பொடியள் அடுத்த மதிலடிக்குப் போய்விட்டார்கள்.

மருமகன் இப்போது மேசன் வேலைக்குப் போகிறான். சில கிழமை நல்லா இருக்கிறான், சில கிழமை இல்லை. அடுத்த கூட்டத்திலும் அந்த அறையைக் கேட்பேன். தெருவில் கண்டால் "நீங்கள் சொல்வது சரி தம்பி" என்கிற அம்மாமார் கூட்டத்துக்கு மட்டும் வரமாட்டார்களாம்.