கூட்டத்துக்குப் போகும் பேருந்துக் கட்டணம்

கேள்வி: ஆறு மலைக் கிராமங்களைச் சேர்ந்த எண்பது குடும்பங்கள் ஒன்றுகூடி, வன உரிமைப் பட்டா, சாலை, ரேஷன் கடை ஆகியவற்றுக்காக நான்கு ஆண்டுகளாக மனுக் கொடுத்து வருகிறோம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு ஒருமுறை போய் வந்தால், கைக்காசு செலவாவதோடு ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது. அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தால் கம்பெனிகளின் நிதியும் வெளிநாட்டு நிதியும் வரும் என்று வெளியூர் நண்பர் ஒருவர் சொல்கிறார். பணம் வந்தால் ஒற்றுமை போய்விடும் என்று எங்கள் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். யார் சொல்வது சரி?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் பெரியவர்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதே நேரத்தில், பேருந்துக் கட்டணத்துக்கே வழியில்லாத சங்கம் நெடுநாள் நிற்காது என்பதையும் நீங்கள் நான்கு ஆண்டுகளாகக் கண்கூடாகப் பார்த்து வருகிறீர்கள். ஆகவே, பணம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, முதல் பணம் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

நண்பர் சொல்லும் இரண்டு வழிகளும் உங்களுக்கு உடனே திறக்கக்கூடியவை அல்ல. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதே பிரிவு, நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆலை இருக்கும் ஊருக்கு வகுப்பறையும் கழிப்பறையும் கிடைக்கின்றன; ஆலையே இல்லாத மலைக்கு அந்தப் பணம் ஏறி வருவது அரிது. அப்படியே வந்தாலும், கட்டடத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் தருவார்களே தவிர, மக்கள் கூடிப் பேசி அதிகாரியிடம் கேள்வி கேட்பதற்கு எந்த நிறுவனமும் எளிதில் பணம் தராது.

வெளிநாட்டு நிதிக்கான பதிவைப் பெற, அமைப்பு மூன்றாண்டுகளாக இயங்கியிருக்க வேண்டும்; அந்த மூன்றாண்டுகளில் தன் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். முன்பெல்லாம் நகரத்துப் பெரிய அமைப்பு ஒன்று நிதியைப் பெற்று, உங்களைப் போன்ற சிறிய குழுக்களுக்குப் பகிர்ந்து கொடுக்க முடிந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அந்தப் பகிர்வை முற்றாகத் தடை செய்துவிட்டது. எட்டாத ஊர்களில் இயங்கும் சிறு குழுக்களை இந்தத் திருத்தம் மிகவும் பாதித்தது என்பதே என் கருத்து.

இனி, உங்களுக்குத் துணையாக இருக்கக்கூடிய ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, பின் அதிலிருந்து விலகிய அருணா ராய், 1987இல் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் ராஜஸ்தானின் இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில் உள்ள தேவ்துங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். மழை பொய்க்கும் நிலம் அது. வறட்சி நிவாரண வேலையை நம்பியே பலர் வாழ்ந்தார்கள். அந்த வேலைக்குரிய குறைந்தபட்சக் கூலிகூட முழுதாகக் கைக்கு வராத நிலையில், 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழவர், தொழிலாளர் அமைப்பு பிறந்தது. அந்த அமைப்பு நிறுவனங்களிடம் நிதி பெறுவதில்லை என்று முடிவு செய்தது. முழுநேர ஊழியர்கள், தாங்கள் யாருக்காகப் போராடினார்களோ அவர்களுக்குரிய குறைந்தபட்சக் கூலியையே தங்களுக்கும் பெற்றுக்கொண்டார்கள். மற்றத் தேவைகளுக்குத் தனிமனிதர்களின் நன்கொடை உதவியது.

1994 டிசம்பரில் கோட்கிரானாவில் அவர்கள் நடத்திய முதல் மக்கள் விசாரணையில், கூலிப் பதிவேடுகளை ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. அத்தகைய பதிவேடுகளின் நகலைப் பெறும் உரிமை கேட்டு 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா நாற்பது நாட்கள் நீடித்தது. அத்தனை நாளும் அடுப்பு எரிய, கிராமத்துக் குடும்பங்கள் வீட்டில் இருந்த தானியத்தையும் தங்கள் நாட்களையும் பங்காகக் கொடுத்தன. நகரத்து மக்களும் கை கொடுத்தார்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் நாடு முழுவதற்கும் வந்ததில் அந்தத் தானியத்துக்கும் பங்குண்டு. ‘நமது பணம், நமது கணக்கு’ என்று அரசைப் பார்த்து முழங்கிய அந்த மக்கள், கொடுத்தவர்களாகவும் இருந்ததால்தான் அவர்களை எவராலும் கூலிக்குக் கூடிய கூட்டம் என்று ஒதுக்க முடியவில்லை.

உங்கள் எண்பது குடும்பங்களும் மாதம் 20 ரூபாய் சந்தா கொடுத்தால் 1,600 ரூபாய் சேரும்; ஆண்டுக்கு அது 19,200 ரூபாய். நான்கு பேர் மாதம் ஒருமுறை ஆட்சியர் அலுவலகம் சென்று வர இதில் வழி பிறக்கும். கூலி இழப்பில் ஒரு பகுதியையும் ஈடுகட்டலாம். ரொக்கமாகத் தர இயலாதவர்கள் அறுவடைக் காலத்தில் சாமையோ கேழ்வரகோ தரட்டும். பிடியரிசி எடுத்து வைத்துப் பொதுக்காரியம் நடத்துவது நமக்குப் புதிதன்று.

பதிவு செய்வதென்றால், அறக்கட்டளையைவிடச் சங்கமே உங்களுக்குப் பொருந்தும். அறக்கட்டளையில் அதிகாரம் அறங்காவலர்கள் சிலரிடம் தங்கிவிடும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் ஆண்டுதோறும் பொதுக்குழுவில் கூடிக் கணக்கைக் கேட்கலாம். ஆனால் ஒன்று: மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்பை இதில் கலக்காதீர்கள். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் அந்தக் குழுக்கள் தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக வேர்விட்டதே உங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். கடனுக்காகச் சேர்த்த அந்தப் பணம் போராட்டச் செலவில் கரைந்தால், இரண்டுமே கெட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைக் கிராமத்துக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணொருத்தி, பள்ளி நோட்டில் எழுதியிருந்த கணக்கைத் தெருவிளக்கின் கீழ் நின்று படித்தாள். “பேருந்து, நான்கு பேர், 208 ரூபாய். மனு நகல் 24 ரூபாய். தேநீர் 40 ரூபாய்.” முதியவர் ஒருவர், “தேநீர் யார் யார் குடித்தது?” என்று கேட்டார். அவள் நான்கு பெயர்களையும் சொன்னாள். அதன் பிறகே அடுத்த வரிக்குப் போனார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. அதே பகுதியில் திட்ட நிதி பெற்று இயங்கிய வேறோர் அமைப்பு, மூன்றாம் ஆண்டில் நிதி நின்றதும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டது. எவ்வளவு நிதி வந்தது என்பதே அதன் உறுப்பினர்களுக்குத் தெரியாது.

கேள்வி: கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இத்தகைய சங்கம் ஒன்றுக்கு மாதம் 5,000 ரூபாய் தர விரும்புகிறேன். பணம் சரியாகப் பயன்படுகிறதா என்பதை எப்படி உறுதி செய்வது?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் மனம் வாழ்க. ஆனால் மேலே உள்ள கணக்கைப் பாருங்கள்: எண்பது குடும்பங்களின் மாதச் சந்தா 1,600 ரூபாய்தான். நீங்கள் ஒருவரே 5,000 ரூபாய் கொடுத்தால், நாளடைவில் சங்கம் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடும். அதே தொகையை நான்கு சங்கங்களுக்குப் பிரித்து, மூன்றாண்டுகளுக்குக் குறையாமல், எந்தச் செலவுக்கு என்று கட்டுப்படுத்தாமல் கொடுங்கள். பெரும்பாலும் பயணத்துக்கும் நகல் எடுப்பதற்கும் கூலி இழப்புக்குமே அது தேவைப்படும். வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால், அதற்கான 80ஜி பதிவு உள்ள அமைப்புக்கு வங்கி வழியாகக் கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குச் சலுகை கிடையாது. சிறு சங்கங்கள் பலவற்றுக்கு இந்தப் பதிவு இருக்காது. அந்தச் சலுகையை விட்டுக்கொடுக்க முடிந்தால் விட்டுக்கொடுங்கள். புகைப்படமும் அறிக்கையும் கேட்டு அவர்கள் நேரத்தை எடுக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வாசிக்கும் நாளில் நீங்களே மலையேறிப் போய், கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.